மூன்றாம் அடியில் ஒரு நிறுத்தம்

வேண்டாம். மனசுக்குள் வைத்துச் சொல்லிப் பார்த்தால் எவ்வளவு சுலபமாக வருகிறது. வேண்டாம், வேண்டாம், வேண்டாம். மத்தியானச் சாப்பாடு முடிந்து, பெண்டாட்டி பாவாயி வாயைத் துடைத்துவிட்டு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனதிலிருந்து அர்த்தநாரி அந்த ஒரு வார்த்தையைத்தான் உள்ளுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார். காலமெல்லாம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். திருச்செங்கோட்டுக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் அந்த வாய் சொல்லாத வார்த்தை இல்லை. படியில நிக்க வேண்டாம், கைய வெளிய நீட்ட வேண்டாம், கோழிய சீட்டு மேல வெக்க வேண்டாம், எங்கிட்ட உன்ர வியாக்கியானம் வேண்டாம் என்று நாள் பூராவும் வேண்டாமாகவே இறைத்துக்கொண்டிருந்த வாய். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அவருடைய அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததும் இந்த வாயை நம்பித்தான். போன ஆடி மாதம் பள்ளிபாளையம் பாலத்தின் மேல் வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே, ஒரு பெண்பிள்ளைக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்த கை அப்படியே தொங்கிவிட்டது. தூக்கி உட்காரவைத்தபோது வலது பக்கம் மொத்தமும் செத்திருந்தது, பேச்சும் அதோடு போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த ஒருத்தன், பேர் வெக்கறப்பவே உங்கப்பனுக்குத் தெரிஞ்சிருக்குது பாரு, பாதி ஒடம்புதான் உனக்குன்னு, என்று சிரிக்கவைக்கப் பார்த்தான். அர்த்தநாரிக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போனால் அழுகையாக வெளியே வந்தது. வந்தவன் பயந்துபோய் வாங்கி வந்த ஆரஞ்சுப் பழத்தைக் கட்டிலிலேயே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். சொன்னவனுக்கு இந்த வியாதி வந்திருக்காது. அர்த்தநாரியின் சட்டியில் எல்லாமே இருந்தது, ஒரு பருக்கை குறையவில்லை. பாவாயி, டிரைவர் செங்கோடன், கொக்கராயன்பேட்டை நிறுத்தம், மூட்டுவலித் தைலம், மகளுக்குக் காது குத்திய வருஷம், எல்லாம் பேரோடும் முகத்தோடும் உள்ளே உட்கார்ந்திருந்தன. அகப்பையை விட்டுத் துழாவினால் மட்டும் வேறு என்னமோ வந்தது. தண்ணி கேட்க வாயைத் திறந்தால் ஏழு என்று வந்தது. பாவாயி என்று கூப்பிட்டால் ஒண்ணு ரெண்டு மூணு என்று வந்தது. அதுவும் எப்படி, தடங்கலே இல்லாமல், எண்ணெய் போட்ட கதவு திறக்கிறமாதிரி. சரி, தலையாட்டியாவது சொல்லலாமே என்று எல்லாரும் கேட்டார்கள். தலையும் கட்சி மாறிவிட்டது. காப்பி வேணுமா என்றால், வேணும் என்று நினைத்துக்கொண்டே இடமும் வலமுமாக ஆட்டினார். டம்ளரை எடுத்துக்கொண்டு போன பிறகு மேலும் கீழுமாக ஆட்டினார். ஆகவே அந்தத் தலையை இப்போது யாரும் நம்புவதில்லை. பாவாயி டம்ளரை நேராக உதட்டில் வைத்துப் பார்த்துவிடுகிறாள். இடது கையில் பேனாவைக் கொடுத்தார்கள். ஒரு வட்டம் போட்டார், அதற்குள் இன்னொரு வட்டம் போட்டார். எழுத்து என்று ஒன்று உலகத்தில் இருந்ததே கைக்கு ஞாபகமில்லை. கண்ணீராவது மிச்சம் இருந்ததா என்றால், அதற்கும் மரியாதை போய்விட்டது. டிவியில் சோப்பு விளம்பரத்துக்குக் கூட அழுகிற மனுஷனின் கண்ணீரை யார் பொருட்படுத்துவார்கள். அது வியாதியோட சேர்ந்ததுங்க, நீங்க மனசு உடைஞ்சு போகாதீங்க என்று டாக்டர் பாவாயிக்குச் சொல்லிவிட்டார். அவளும் உடைந்து போவதை விட்டுவிட்டாள். அவர் நிஜமாகவே மனசு விட்டு அழுத நாட்களிலும் துண்டை எடுத்துத் துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நாளைக் காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு போகப் பராமரிப்பு இல்லத்து வண்டி வருகிறது. ஊருக்கு வெளியே, தோப்புக்கு நடுவில், சுத்தமான இடம். அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார்கள். நல்ல இடமாக இருந்ததுதான் அவருக்குப் பெரிய துக்கம். கெட்ட இடமாக இருந்திருந்தால் பார்த்தவர்களே வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். வெள்ளைப் படுக்கை, கைகால் பயிற்சிக்குத் தனி அறை, பேசக் கற்றுக்கொடுக்க ஆள். ஜன்னலோரப் படுக்கையில் ஒருவர் இருந்தார், இவர் வயதுதான், இவருடைய வியாதிதான். அவருக்குச் சரி என்ற ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியிருந்தது. சாப்பிடறீங்களா என்றால் சரி. சாப்பாட்ட எடுத்துட்டுப் போகட்டுமா என்றால் சரி. ஜன்னல சாத்தட்டுமா, சரி, தெறக்கட்டுமா, சரி. அங்கே இருந்த பெண் சிரித்துக்கொண்டே, எங்க இடத்துலயே தங்கமான மனுஷன் இவருதான், எதுக்கும் மறுப்பே சொல்ல மாட்டாரு என்றாள். அந்த மனுஷனின் கண் அர்த்தநாரியைப் பார்த்தது. உள்ளே ஒரு ஆள் நின்று கதவைக் கையால் அடிப்பது இவருக்கு மட்டும் தெரிந்தது. அன்றிலிருந்து அந்தக் கண்தான் கனவில் வருகிறது. பாவாயியையும் குற்றம் சொல்ல முடியாது. இவரைத் தூக்கித் தூக்கியே அவளுக்கு முதுகெலும்பில் தட்டு விலகிவிட்டது. சேலைக்குள் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, குனியும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறாள். ஓசூரில் இருக்கிற மகள் சுகுணாவுக்கு மாசம் நெருங்கிவிட்டது. அம்மா வராமல் அவளுக்கு யார் இருக்கிறார்கள். மருமகன் லோகநாதன் பொறுப்பானவன், அவன்தான் இடம் பார்த்தான், அவன்தான் போனில் சொன்னான், அத்தை, காலையில எட்டு மணிக்கு வண்டி வந்துரும், ரெடியா இருங்க என்று. போன் ஸ்பீக்கரில் இருந்தது. எட்டு மணிக்கு வண்டி. அந்த மூன்று வார்த்தையும் காதில் விழுந்ததும் எங்கேயோ ஒரு பாட்டு புரண்டு படுத்தது.

இன்றைக்குக் காலையில் சவரம் பண்ணிவிடும்போது பாவாயி திடீரென்று கையை நிறுத்தினாள். நுரை பாதி முகத்தில் இருந்தது. "ஏனுங்க, நீங்க மனசுல என்ன நெனைக்கறீங்கன்னே தெரியாம அனுப்பறதுதான் எனக்கு ஆக மாட்டேங்குது. வேண்டாம்னு உங்க வாயால ஒரே ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நான் அனுப்ப மாட்டேன். சுகுணாகிட்ட நான் பேசிக்கறேன். முதுகு போனாப் போயிட்டுப் போகுது." அவர் சொல்லப் போனார். உதடு கூடிற்று, நாக்கு மேலே போயிற்று. பன்னெண்டு, என்று வந்தது. பாவாயி கத்தியைத் தண்ணீரில் அலசினாள். "பன்னெண்டுங்களா. சரி," என்று சொல்லி மிச்ச நுரையை வழித்தாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவளுடைய குரலில் இருந்தது களைப்பு. இருபது வயசில் நூல் மில்லுக்குப் போக அவருடைய பஸ்ஸின் பின்படியில் ஏறி, எவ்வளவு இடமிருந்தாலும் உள்ளே வராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்த பெண். உள்ள போம்மா, உள்ள போம்மா என்று தினமும் கத்தியவர் ஒரு நாள் கத்தவில்லை. அன்றைக்கு அவள் திரும்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் ஆனதால்தான் கல்யாணமே ஆயிற்று என்று அப்போதெல்லாம் கேலி செய்வார்கள். இப்போது அந்தக் கேலியில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஒரு வார்த்தை. உலகத்தில் அவளுக்கு என்னென்னமோ வாங்கிக் கொடுக்கவில்லை, அதையெல்லாம் அவள் கேட்டதும் இல்லை. கேட்டது இந்த ஒரு வார்த்தைதான்.

பாட்டு மட்டும் வரும். அதைக் கண்டுபிடித்தது பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண். பேச்சு டீச்சர் என்று வீட்டில் அவளுக்குப் பேர். எண்ணிக்கையும் பாட்டும் மூளையில் வேறு இடத்தில் இருக்குமாம், பேச்சு போனாலும் அது போகாதாம். ஒன்றிலிருந்து எண்ணச் சொல்ல வேண்டும். எண்ணிக்கொண்டு வரும்போதே அந்த எண்ணில் தொடங்குகிற ஒரு பாட்டுக்குள் நழுவவைக்க வேண்டும். பாட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சுக்கு இழுத்துவிடலாம். அவர் எங்காவது நின்று போனால் அடுத்த வார்த்தையின் முதல் எழுத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். இதுதான் அவள் சொல்லிக் கொடுத்த முறை. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம் இந்த வீட்டில் எண் பாட்டுக் கச்சேரி. வருகிறவர்கள் எல்லாம் தங்களுக்குப் பிடித்த, எண் வருகிற பாட்டு ஒன்றைக் கொண்டு வர வேண்டும். லோகநாதன்கூட ஒருமுறை 'ஆயிரம் வாட்ஸ் கண்ணுக்காரி' என்று ஒரு குத்துப்பாட்டைப் பாடினான், ஆயிரம்வரைக்கும் யார் எண்ணுவது என்று சிரித்தார்கள். பாட்டு வந்ததே தவிரப் பேச்சு வரவில்லை. பாட்டு முடிந்ததும் கதவு சாத்திக்கொள்ளும். டீச்சருக்கும் நம்பிக்கை குறைந்துவிட்டது, போன மாதத்தோடு வருவதை நிறுத்திக்கொண்டாள். ஆனால் எட்டு மணிக்கு வண்டி என்று போனில் கேட்ட அன்றைக்குப் புரண்டு படுத்த பாட்டு, இன்றைக்குக் காலையில் நுரை முகத்தோடு உட்கார்ந்திருந்தபோது முழுசாக எழுந்து உட்கார்ந்தது. அவருக்கு உசிரான பாட்டு. பஸ்ஸில் டேப் ரிக்கார்டர் வைத்த காலத்தில், பாவாயி ஏறுகிற டிரிப்பில் தவறாமல் போட்ட பாட்டு. ஊருக்குப் போகிறவன் பெண்டாட்டியிடம் பாடுகிறது. எட்டு மணி வண்டி வந்து எல்லையில நிக்குதடி, கட்டி வெச்ச மூட்டை ரெண்டும் கையிலேற மறுக்குதடி, வேண்டாம் புள்ள, வேண்டாம் புள்ள, இந்தப் பயணம் வேண்டாம் புள்ள.

மூன்றாவது அடி. அவர் சொல்ல வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. இந்தப் பயணம் வேண்டாம் புள்ள. அங்கே நிறுத்திவிட்டால் போதும். அங்கே நிறுத்திவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தால் புரிந்துகொள்ளாதவளா பாவாயி. சனியன், பாட்டு அங்கே நிற்பதில்லை. அந்தக் காலத்தில் பாட்டு எழுதினவனுக்குக் குசும்பு அதிகம். நாலாவது அடியில் அப்படியே திருப்பிப் போட்டுவிடுவான். சும்மா சொன்னேன் சிரிச்சிடடி, சொந்தமெல்லாம் காத்திருக்கு, போயி வாரேன், போயி வாரேன், பூ முடிஞ்சு வழியனுப்பு. அந்த இடத்தில் பஸ்ஸே சிரிக்கும். பாவாயியும் கம்பியில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பாள். நிறுத்த வேண்டும். நிறுத்துவது அவருக்குத் தெரியாத வேலையா என்ன. ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், ரெண்டு விசில் அடித்தால் போக வேண்டும். பாரம் ஏற்றிய வண்டி சரிவில் இறங்கிக்கொண்டிருந்தாலும் அவருடைய ஒரு விசிலுக்கு நின்றிருக்கிறது. அந்த விசில் எதிரே சுவரில் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் கறுப்புக் கயிற்றோடு தொங்குகிறது. வாயில் வைத்துப் பார்த்தாகிவிட்டது, வலது ஓரத்தில் காற்று ஒழுகிவிடுகிறது, எச்சில்தான் வருகிறது. பரவாயில்லை. விசில் எதற்கு, இடது கை இருக்கிறதே. மூன்றாவது அடி முடிகிற இடத்தில் இடது கையால் சொந்த வாயைச் சொந்தமாகப் பொத்திக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். அவர் காலையிலிருந்து மூன்று முறை கையை வாய் வரைக்கும் தூக்கிப் பழகிப் பார்த்தார். ஈ ஓட்டுகிறார் என்று பாவாயி ஃபேனைக் கூட்டி வைத்தாள்.

வாசலில் செங்கோடனின் மொபெட் சத்தம். ஞாயிற்றுக்கிழமையானதால் தெருவில் தறிச்சத்தம் இல்லை, அந்தச் சத்தம் முக்கிலிருந்தே கேட்டது. செங்கோடன் அதே பஸ்ஸின் டிரைவர். ரெண்டு பேரும் சேர்ந்து ஓட்டிய காலத்தில் சண்டை போடாத நாளும் இல்லை, சேர்ந்து சாப்பிடாத நாளும் இல்லை. இவர் படுத்த நாளிலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் வருகிற ஒரே ஆள். "என்ன மாப்ள, வண்டி கெளம்பலாமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். குரல் பெரிசாக இருந்தது, கண் கலங்கியிருந்தது. நாளைக்கு என்ன நடக்கப்போகிறது என்று அவருக்கும் தெரியும். "வாங்கண்ணா. காப்பி வெக்கட்டுமா?" என்றாள் பாவாயி. "காப்பி கெடக்குது அம்மிணி, மொதல்ல கச்சேரி. இன்னைக்கு மாப்ளய ஒரு முழுப் பாட்டுப் பாட வெக்காம நான் போறதில்ல. அங்க போயி ஒக்காந்தா அவுங்களும் தெரிஞ்சுக்கோணுமல்ல, நம்மாளு சங்கதி என்னன்னு." ஒரு முக்காலியை இழுத்து அர்த்தநாரியின் இடது பக்கம் போட்டு உட்கார்ந்தார். அங்க வேண்டாம், அந்தப் பக்கம் போ, என்று அர்த்தநாரி சொன்னார். வெளியே கேட்டது நாலு. "நாலுக்கு எங்க போறே, ஒண்ணுல இருந்து வா," என்று செங்கோடன் தொடையில் தாளம் போட்டார். பாவாயி தரையில் உட்கார முடியாமல் கட்டில் விளிம்பில் கையை ஊன்றி மெதுவாக உட்கார்ந்தாள். ஒண்ணு என்றார்கள் எல்லாரும். ரெண்டு. ரெண்டில் செங்கோடன் பிடித்துக்கொண்டார், எப்போதும் அதே பாட்டு, 'ரெண்டு நெழலு ஒத்த மரம்'. சுருதி எங்கேயோ போய்க்கொண்டிருக்க அவர் கண்ணை மூடிப் பாடினார். அர்த்தநாரிக்கு அந்தப் பாட்டில் மனசு நிற்கவில்லை. எட்டு வரைக்கும் போக வேண்டும், எட்டில் நிற்க வேண்டும். போன வாரம் எண்ணத் தொடங்கியவர் எந்தப் பாட்டிலும் இறங்காமல் நாற்பது வரைக்கும் ஓடிவிட்டார், பாவாயிதான் வாயில் விரலை வைத்து நிறுத்தினாள். எட்டு தாண்டிவிட்டால் ஒன்பது, பத்து, அப்புறம் வேண்டாமே இல்லாத பாட்டு. அந்த ஜன்னலோரத்து ஆள் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பான். சாயங்காலக் காப்பிக்குச் சரி சொல்லியிருப்பான். அவனுக்கு வந்த கதிதான் நமக்கும். அங்கே யாருக்கு இந்தப் பாட்டெல்லாம் தெரியும். யார் கூட எண்ணுவார்கள். எண்ண ஆளில்லாமல் எண்ணும் போய்விட்டால், பாட்டும் போய்விட்டால், அப்புறம் உள்ளே இருக்கிறவன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான். சட்டியோடு மண்ணில் போட்டு மூடினமாதிரி ஆகிவிடும்.

"மூணு, நாலு, அஞ்சு," என்றார் செங்கோடன். அஞ்சில் பாவாயி. 'அஞ்சு வெரலு மருதாணி, அத்தனையும் செவந்திருச்சு.' அவளுக்குக் கீச்சுக் குரல். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியும் அவள் பாடி அவர் கேட்டதில்லை, இந்த வியாதி வந்துதான் கேட்டார். இதற்காகவாவது வியாதிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ஒரு நாள் நினைத்தார், அதைச் சொல்லத்தான் வாய் இல்லை. பாடும்போது அவள் அவருடைய செத்த கையை எடுத்து மடியில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். முதுகைச் சுவரில் சாய்த்துக்கொள்ளவும் முடியாமல் நிமிர்ந்து உட்காரவும் முடியாமல் கோணலாக உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. அர்த்தநாரிக்கு ஒரு கணம் எல்லாம் கலைந்தது. நான் வேண்டாம் என்று சொன்னால் இவள்தானே சாக வேண்டும். காலையில் நாற்காலிக்கு, மத்தியானம் கட்டிலுக்கு, ராத்திரி கக்கூசுக்கு. சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன. போய்விட்டால் இவள் ஒரு நாளாவது நிமிர்ந்து படுப்பாள், பேரப்பிள்ளையைத் தூக்குவாள். இல்லை. இல்லை. அவளே சொன்னாளே, முதுகு போனாப் போயிட்டுப் போகுது என்று. மனசார சொன்னாளா, சொல்ல வேண்டுமே என்று சொன்னாளா. இந்த யோசனைக்குள் போனால் வெளியே வர முடியாது. தன்னலம் என்றால் தன்னலமாகவே இருக்கட்டும். எனக்கு இவள் வேண்டும். இந்த வீட்டில், இந்த ஜன்னலில், இவள் கையில் சாக வேண்டும். இவளை விட்டுப் போக எனக்கு மனசில்லை. பாட்டு முடிந்து பாவாயி அவர் முகத்தைப் பார்த்தாள், கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் துண்டை எடுத்துத் துடைத்தாள்.

"ஆறு," என்றார் செங்கோடன். ஆறு, என்றது அவர் வாய். "ஏழு." ஏழு. பாலத்து மேட்டில் வண்டி ஏறுகிறமாதிரி மார்பு அடித்துக்கொண்டது. "எட்டு," என்றார்கள். எட்டு, என்றார், எட்டு, எட்டு மணி, பிடித்துவிட்டார், எட்டு மணி வண்டி வந்து எல்லையில நிக்குதடி. "அட்றா!" என்று செங்கோடன் துள்ளினார். "நம்ம பாட்டு அம்மிணி! நம்ம வண்டிப் பாட்டு!" சந்தோஷம் தாங்காமல் அர்த்தநாரியின் இடது கையை இழுத்துத் தன் ரெண்டு கைக்குள்ளும் வைத்து முழங்காலில் தாளம் போட ஆரம்பித்தார். கையை விடு. கையை விடுடா. கட்டி வெச்ச மூட்டை ரெண்டும் கையிலேற மறுக்குதடி. குரல் கணீரென்று வந்தது, பஸ்ஸில் கத்திய அதே குரல், தெருவில் போன யாரோ நின்று பார்த்தார்கள். டிரைவர் கை, ஸ்டீரிங் பிடித்த கை, இழுத்தால் வருமா. அது தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. வேண்டாம் புள்ள. வந்துவிட்டது. மத்தியானத்திலிருந்து உருட்டிய வார்த்தை, ஆடி மாதத்திலிருந்து தேடிய வார்த்தை, நாக்கின் மேல் முழுசாக வந்து உட்கார்ந்தது, அதன் ருசியே தெரிந்தது. வேண்டாம் புள்ள. பாவாயியைப் பார்த்தார். அவள் பாட்டைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவள், அவர் பார்வையைப் பார்த்ததும் சிரிப்பை விட்டாள். இந்தப் பயணம் வேண்டாம் புள்ள.

நின்றார். கையில்லாமலே நின்றார். பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து, நெற்றி நரம்பு புடைக்க, பாட்டை அந்த இடத்தில் நிறுத்தினார். உள்ளே அது முட்டியது. அடுத்த அடி தொண்டைக்குள் நின்று தள்ளியது. அவர் விடவில்லை. தெருவில் சத்தமே இல்லை. பாவாயியின் வாய் லேசாகத் திறந்தது. கட்டில் விளிம்பிலிருந்து முன்னால் சாய்ந்தாள், முதுகு வலியை மறந்து சாய்ந்தாள். "ஏனுங்க..." என்றாள். அந்த ஏனுங்கவில் எல்லாம் இருந்தது. அவளுக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஒரு மூச்சு நேரம். அர்த்தநாரிக்கு வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. அடுத்து அவள் கேட்பாள், வேண்டாமுங்களா என்று கேட்பாள், நான் இப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் போதும். செங்கோடன் பாவாயியைக் கவனிக்கவில்லை. நண்பன் நெற்றி நரம்பு புடைக்கத் திணறுவதைத்தான் கவனித்தார். பேச்சு டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. எந்தத் தாயும் பிள்ளைக்கு அவ்வளவு அன்பாக எடுத்துக் கொடுத்திருக்க மாட்டாள். காதருகில் குனிந்து, கையை அழுத்திப் பிடித்து, மெதுவாக, "சு..." என்றார். "சும்..."

சும்மா சொன்னேன் சிரிச்சிடடி. கடித்திருந்த பல் தானாக விட்டுவிட்டது. சொந்தமெல்லாம் காத்திருக்கு. இல்லை பாவாயி, இல்லை, இது நான் இல்லை. போயி வாரேன், போயி வாரேன். எவ்வளவு இனிமையாகப் பாடுகிறது இந்த வாய். நாசமாய்ப் போக. உள்ளே இருந்து கதவை அடித்தார், கையால் அடித்தார், தலையால் அடித்தார். பூ முடிஞ்சு வழியனுப்பு. பாட்டு முடிந்தது, கதவு சாத்திக்கொண்டது. செங்கோடன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "பாத்தயா அம்மிணி, முழுப் பாட்டு! ஒரே எடத்துலதான் சிக்குனான், எடுத்துக் குடுத்தேன், கப்புனு புடிச்சுக்கிட்டான்!" என்று அழுதார். முன்னால் சாய்ந்த பாவாயி மெதுவாகப் பின்னால் போனாள். முகத்தை இரண்டு உள்ளங்கையாலும் துடைத்தாள். துடைத்த பிறகு அந்த முகத்தில் என்ன இருந்தது என்பதை அர்த்தநாரி சாகும்வரைக்கும் மறக்கப்போவதில்லை. கறுத்துப்போன கண் இளகியிருந்தது. ரொம்ப நாளாகத் தூக்கி வந்த சுமையை யாரோ இறக்கி வைக்கச் சொன்னமாதிரி தோள் இறங்கியிருந்தது. "சொல்லிப்போட்டீங்க," என்றாள். "காத்தாலயிருந்து கேட்டுக்கிட்டிருந்தேன். எப்படியோ சொல்லிப்போட்டீங்க. மனசோடதான போறீங்க?" அவர் கண்ணீர் கொட்ட, தலையை இடமும் வலமும் ஆட்டினார், மேலும் கீழும் ஆட்டினார். வேண்டாம், என்று முழு உசிரையும் கூட்டிச் சொன்னார்.

எட்டு, என்று வந்தது.

"ஆமாங்க, எட்டு மணிக்குத்தான்," என்று பாவாயி துண்டால் அவர் கன்னத்தை ஒற்றினாள். சிரிக்கவும் செய்தாள், அந்தக் காலத்துச் சிரிப்பு, கம்பியில் முகத்தை மறைத்துக்கொண்ட சிரிப்பு. "பூ வெச்சுக்கிட்டே வழியனுப்பறேன். அழுவாதீங்க." கட்டிலைப் பிடித்து எழுந்து காப்பி போட அடுப்படிக்குப் போனாள். செங்கோடன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஆணியில் தொங்கிய விசிலை எடுத்து, தூசியைச் சட்டையில் தேய்த்து, நண்பனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ரெண்டு தரம் ஊதினார்.